பாடி வளர்ந்த பாலகன்

செங்கோட்டைக்குச் சமீபத்தில், மேற்கு மலைத் தொடரின் அடிவாரத்தில், பண்பொழி என்றோர் ஊர் இருக்கிறது. பைம்பொழில் என்ற பழம்பெயரே மருவி இவ்வாறாயிற்று என்று கூறுவர். ஆயினும் அப்பெயர் காதில் விழுந்தமாத்திரத்தில், பண் மழையாகப் பொழியும் இடம் என்ற பொருளே தமிழனுடைய மனத்தில் எழுகிறது. அது பிழையென்று தள்ளிவிடத் தோன்றவில்லை. ஊருக்கு அருகே திருமலையின்மீது குமாரசுவாமி கோயில் கொண்டிருக்கிறார். அவர்மீது பள்ளும் பிள்ளைத்தமிழும் பாடிய புலவர்கள் உண்டு. சற்றுத் தெற்கே குற்றாலம்; குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் அதன் அருகிலுள்ள மேலகரத்தைச் சேர்ந்தவர். கிழக்கே சங்கரன்கோயில் பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தோ தமிழ்நாடு முழுவதையும் ஆடவைத்தது. தாயின் இடுப்பிலிருக்கும்போதே குழந்தைக்குப் பாட்டுக் காதில் விழும் சீமை இது.

இந்தச் சீமையின் செங்கோட்டையிலே பிறந்து, இருபத்தேழே ஆண்டுகள் வாழ்ந்து, தமிழ் மக்களின் காதுகளில் அழியாத நாதத்தை விட்டுச் சென்றவர் எஸ். ஜி. கிட்டப்பா. அவர் மறைந்து தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. அவருடைய குரலைப் புகழ்ந்து பேசுவோர் இன்றும் உளர். அந்தக் குரல் எவ்வாறு உண்டாயிற்று, அதை உண்டாக்கியதற்கு அவரும் அவரையொத்த சிறுவர்களும் என்ன விலை கொடுத்தார்கள் என்பதை ஆராய்வோர் சிலரே. குழந்தைகளுக்குச் சங்கீதம் கற்பிப்பது எப்படி என்ற கேள்விக்கு அவருடைய வாழ்க்கையில் ஒரு விடை இருக்கிறது. ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. இரண்டையும் நமது வாசகர்கள் அறிதல் நலம்.

கிட்டப்பா 1906ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 25ஆம் தேதி கங்காதர ஐயருக்கும் மீனாட்சி அம்மாளுக்கும் புதல்வராகப் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ராமகிருஷ்ணன். கிட்டப்பா என்பது வழங்கும் பெயர். அந்நாளில் செங்கோட்டை திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்தது. 1956ஆம் வருஷம் நவம்பர் முதல் தேதியன்றுதான் அது சென்னை ராஜ்யத்துடன் இணைந்தது. கங்காதர ஐயரின் குடும்பம் பெரிது, வருவாய் சிறிது. பிள்ளைகளுக்கு நல்ல குரல் வாய்த்திருந்தது. அது ஒன்றே வீட்டில் இருந்த செல்வம். அச்செல்வத்தை விலையாக்குவதற்கு அக்காலத்தில் திறந்திருந்த சந்தை நாடக மேடை. சகோதரர்களுடன் கிட்டப்பாவும் ஐந்தாறு வயதிலேயே மேடையேறினார். மற்றப் பிள்ளைகள் அரிச்சுவடியைக் கையிலெடுக்கும் வயதில் அவர் அரிதாரம் பூசிக்கொண்டார்.

அவர் பயின்ற இடம் சங்கரதாஸ் சுவாமிகளின் சமரச சன்மார்க்க நாடக சபை. 1867ஆம் வருஷம் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியிலே பிறந்த சுவாமிகள், தமிழ் நாடகத்துக்குத் தந்தையென்று போற்றப்படுபவர். வயது வந்த நடிகர்களிடையே ஒழுங்கைக் காணாது மனம் சலித்த அவர், சிறுவர்களைப் பயிற்றினால் நாடகக் கலை திருந்தும் என்று கருதினார். சமரச சன்மார்க்க சபை 1910ஆம் வருஷம் தோன்றியது. பின்னர் 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபை எழுந்தது, டி. கே. சண்முகம் சகோதரர்கள் அதில் சேர்ந்து தேர்ந்தவர்கள். சுவாமிகள் 1922ஆம் வருஷம் புதுச்சேரியில் காலமானார். அவருக்குப் பின்னும் பாய்ஸ் கம்பெனிகள் என்று ஜனங்களால் வழங்கப்பெற்ற இத்தகைய சபைகள் பல்கிப் பெருகின. என். எஸ். கிருஷ்ணன், எம். ஜி. ராமச்சந்திரன், சிவாஜி கணேசன் முதலியோரெல்லாம் அங்கே வளர்ந்தவர்களே.

அந்தக் கம்பெனிகளில் பாட்டு எவ்வாறு கற்பிக்கப்பட்டது? விடியற்காலையில் பிள்ளைகளை எழுப்பி வரிசையாக உட்காரவைப்பார்கள். வாத்தியார் ஆர்மோனியத்தில் சுருதி கூட்டி ஓர் அடியைப் பாடுவார். பிள்ளைகள் திருப்பிப் பாடுவார்கள். தவறினால் மறுபடியும், மறுபடியும். ஏட்டைப் பார்த்துப் படிப்பதற்கு இடமில்லை. பலருக்கு எழுத்தே சரிவரத் தெரியாது. காதே ஏடு, நாவே எழுத்தாணி. பெரிய பிள்ளைகள் பாடுவதைச் சிறிய பிள்ளைகள் கேட்டுக் கேட்டுப் பாடம் செய்வார்கள். ஒரு நாடகத்துக்குப் பல பத்துப் பாடல்கள். விருத்தம், வெண்பா, சிந்து, கீர்த்தனை எல்லாம் அவற்றில் கலந்திருக்கும். சொல் தெளிவாக வெளிப்படாவிட்டால் கதை புரியாது. கதை புரியாவிட்டால் ஜனங்கள் கூச்சலிடுவார்கள். ஆகையால் ஒவ்வோர் எழுத்தையும் திருத்தமாக உச்சரிக்கும் வழக்கம் பிள்ளைகளுக்கு முதல் பாடத்திலேயே படிந்துவிடும். பிறகு மேடை. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. கொட்டகையின் கடைசியில் தரையில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்கும் கேட்கும்படி பாடவேண்டும். நாடகமோ இரவு முழுவதும் நடக்கும்.

இந்த முறையின் சிறப்பு யாது? ராகத்தின் பெயரைக் கற்பதற்குமுன் குழந்தை ராகத்தையே அனுபவித்துவிடுகிறது. சரளி வரிசையிலும் அலங்காரத்திலும் தொடங்கும் நமது பழைய சம்பிரதாயம் மிக உயர்ந்ததே. அதைக் குறைத்துக் கூற நாம் துணியோம். ஆனால் பொருளற்ற ஸ்வரக் கோவையாக மட்டும் அதைப் புகட்டும் ஆசிரியரிடம் அகப்பட்ட குழந்தை, ஆறு மாதத்தில் சங்கீதத்தை வெறுத்துவிடுவதை நாம் பல வீடுகளில் கண்டிருக்கிறோம். நாடகப் பிள்ளைக்கோ பாட்டு என்பது முதலிலிருந்தே உயிருள்ள பொருள். வள்ளி தினைப்புனம் காக்கிறாள், சந்திரமதி மகனை இழந்து புலம்புகிறாள் என்பதை உணர்ந்தே அவன் பாடுகிறான். சோகத்துக்கு எந்த ராகம், கோபத்துக்கு எந்த நடை என்பதைச் சாஸ்திரம் சொல்வதற்கு முன்னரே அவனுடைய தொண்டை கற்றுக்கொண்டுவிடுகிறது.

கிட்டப்பா முறையான குருகுலவாசம் செய்தவரல்லர். கேள்வி ஞானமே அவருக்குக் குரு. கேட்டதைப் பற்றிக்கொள்ளும் காதும், பற்றியதைத் தமதாக்கிக்கொள்ளும் மனோதர்மமும் அவரிடம் அபூர்வமாகப் பொருந்தியிருந்தன. மேலை நாட்டார் வெகுநாள் கழித்தே இவ்வுண்மையைக் கல்வித் திட்டமாக வகுத்தனர். ஹங்கேரி தேசத்துச் சங்கீத மேதையாகிய ஜோல்தான் கோடாய் என்பவர் (1882-1967), தம் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் பாடுவதன் தரக்குறைவைக் கண்டு வருந்தி, வாத்தியத்துக்கு முன் வாய்ப்பாட்டு வரவேண்டும், அந்நியப் பாட்டுக்கு முன் தாய்நாட்டின் நாடோடிப் பாட்டு வரவேண்டும் என்று போராடினார். கிராமத்துப் பாடல்களே குழந்தையின் சங்கீதத் தாய்மொழி என்பது அவர் கொள்கை. 1950ஆம் வருஷம் கெச்கெமேட் நகரில் அவருடைய முறைப்படி தினந்தோறும் பாட்டுக் கற்பிக்கும் ஆரம்பப் பள்ளி ஏற்பட்டது. அந்நிய ஆதிக்கத்தின் நிழலில் வளர்ந்த ஒரு சிறிய ஜாதி, தன் குழந்தைகளின் பாட்டிலே தன் தேசியத்தைக் கண்டெடுத்தது. நமது நாட்டிலோ, அத்தகைய பயிற்சி திட்டமில்லாமல், ஏழைப் பிள்ளைகளின் பசியை அஸ்திவாரமாகக் கொண்டு, நாடகக் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது.

பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள் யாவரும் அஞ்சிய கண்டம் ஒன்று உண்டு. அதை மகரக்கட்டு என்பார்கள். பன்னிரண்டு வயதுக்கு மேல் ஆண்பிள்ளையின் குரல்வளை பெரிதாகிறது. நாதத் தந்திகள் நீண்டு தடிக்கின்றன. குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்குகிறது. அந்த மாதங்களில் குரல் பிசிறும், சுருதியில் நில்லாது. அதுவரை ஸ்திரீபார்ட்டில் கொடிகட்டிப் பறந்த சிறுவன் ஒரே நாளில் வேலையற்றவனாவான். பழைய சுருதியிலேயே பாடும்படி அவனைக் கட்டாயப்படுத்தினால் குரல் நிரந்தரமாகவே கெட்டுவிடும். இவ்வாறு குரலை இழந்து, படிப்பும் இன்றி, வேறு தொழிலும் அறியாமல் தெருவில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பதை எவரும் கணக்கெடுத்து வைக்கவில்லை. கிட்டப்பா அந்தக் கண்டத்தைத் தாண்டினார். ஆண்பிள்ளைகளுக்கு எளிதில் எட்டாத உயர்ந்த சுருதியும், அதில் இழையும் இனிமையும் வாலிபத்திலும் அவரை விட்டு நீங்கவில்லை. இது அவருடைய பாக்கியம். அவரைப் பயிற்றிய முறையின் வெற்றியென்று இதைச் சொல்லிவிட முடியாது.

பின்னர் அவர் கன்னையா கம்பெனியில் சேர்ந்தார். காட்சி ஜோடனைகளின் ஆடம்பரத்துக்குப் பேர்போன கம்பெனி அது. அதன் தசாவதாரம் நாடகத்தைப் பார்க்க ஜனங்கள் திரள்திரளாகக் கூடினர். காட்சியைப் பார்க்கச் சென்றவர்கள் கிட்டப்பாவின் பாட்டைக் கேட்டுத் திரும்பினார்கள். பாமர ஜனங்களோடு கச்சேரி வித்வான்களும் கொட்டகையில் வந்து அமர்ந்தனர். ஒரே பாட்டை மறுபடியும் பாடும்படி எழும் ஒன்ஸ்மோர் கோஷம் அடங்குவதற்கு நேரம் பிடிக்கும். தேவாமிர்தவர்ஷிணி ராகத்திலுள்ள தியாகராஜ கீர்த்தனையொன்று அவருடைய இசைத்தட்டின் மூலமாகவே சாமானிய மக்களுக்கும் தெரிந்ததாயிற்று. வள்ளலாரின் திருவருட்பாவை அவர் விருத்தமாகப் பாடியதும் இசைத்தட்டில் நிலைத்திருக்கிறது. சபைகளில் சிலருக்கே உரியதாயிருந்த சங்கீதத்தை நாலணா டிக்கெட்டு வாங்கும் வண்டிக்காரனும் ரசிக்கும்படி செய்தவர்களில் அவர் முதல் வரிசையில் நிற்பவர்.

1926ஆம் வருஷத்தை ஒட்டி, இலங்கையில் கொழும்பு நகரில், அவர் கொடுமுடி கே. பி. சுந்தராம்பாளுடன் முதன்முதலில் நடித்தார். 1908ஆம் வருஷம் பிறந்த அந்த அம்மையாரின் இளமையும் கிட்டப்பாவின் இளமையைப் போன்றதே. வறுமையால் குழந்தைப் பருவத்தில் ரயில் வண்டியிலே பாடிப் பிழைத்தவர். அந்தக் குரலைக் கேட்ட ஒருவர் மூலம் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்து, சிறுவன் வேஷத்தில் மேடையேறியவர். பசியிலே பாடி வளர்ந்த இரண்டு குழந்தைகள் பெரியவர்களாகி ஒரே மேடையில் சந்தித்தன. வள்ளி திருமணத்தில் இருவரும் போட்டியிட்டுப் பாடியதைக் கேட்டவர்கள் தம் வாழ்நாள் முழுவதும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தனர். கிட்டப்பாவுக்கு முன்னரே விவாகமாகியிருந்தது. ஆயினும் 1927ஆம் வருஷம் இருவரும் தம்பதிகளாயினர். பின்னர் கிட்டப்பா சொந்தமாகவே நாடகக் கம்பெனி நடத்தினார். தமையனார் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்துத் துணைநின்றார்.

தேசிய இயக்கத்துக்கு நாடக மேடை செய்த தொண்டை நமது அரசியல் ஊழியர்கள் மறந்துவிடலாகாது. சுதேசிப் பத்திரிகைகளை வாசிக்கத் தெரியாத லட்சக்கணக்கான மக்களுக்கு மேடைப் பாட்டே பத்திரிகையாயிருந்தது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்கள் புராண நாடகங்களின் நடுவே ஒலித்தன. விஸ்வநாத தாஸ் முருகன் வேஷத்திலேயே தேசியப் பாட்டைப் பாடி, அதற்காகப் பலமுறை சிறைக்குச் சென்றார். 1940ஆம் வருஷம் டிசம்பர் 31ஆம் தேதி சென்னையில் மேடைமீதே உயிர் நீத்தார். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் காங்கிரஸ் பற்றுடையவர்கள். சத்தியமூர்த்தியின் நட்பும் ஊக்கமும் பெற்றவர்கள். கிட்டப்பா கதர் உடுத்தியவர். அந்நாளில் புகழ்பெற்ற ஒரு நடிகர் கதர் உடுத்தி நின்றது நூறு பிரசங்கங்களுக்குச் சமானமாயிருந்தது. இவற்றுக்கெல்லாம் வித்து எங்கே ஊன்றப்பட்டது? விடியற்காலையில் தூக்கக் கண்ணோடு ஆர்மோனியத்தின் முன் உட்கார்ந்த குழந்தைகளின் தொண்டையில்தான்.

அந்த மகத்தான குரல் நீண்டநாள் நிலைக்கவில்லை. குழந்தைப் பருவத்திலிருந்தே இரவெல்லாம் விழித்து, ஊர் ஊராக அலைந்து, ஓய்வறியாது உழைத்த தேகம் அது. இளமையில் குவிந்த புகழையும் பணத்தையும் சமாளிப்பதற்கான கல்வியை அவருக்கு எவரும் அளிக்கவில்லை. மதுப்பழக்கம் பற்றிக்கொண்டது. தம்பதிகளிடையே மனஸ்தாபம் விளைந்தது. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. நோய் முற்றி, 1933ஆம் வருஷம் டிசம்பர் 2ஆம் தேதி கிட்டப்பா இவ்வுலகை நீத்தார். சுந்தராம்பாள் அம்மையார் அன்றுமுதல் வெள்ளை உடை தரித்து, ஆடவர்க்கு ஜோடியாக நடிப்பதில்லை என்று விரதம் பூண்டார். 1935இல் வெளிவந்த நந்தனார் படத்தில் லட்ச ரூபாய் ஊதியத்துக்கு அவரே நந்தனாராக வேஷம் தரித்தது யாவரும் அறிந்தது. 1980ஆம் வருஷம் தாம் மறையும்வரை அவ்விரதத்தை அவர் காத்தார்.

கிட்டப்பாவின் சரித்திரத்தைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இத்துடன் நிறுத்தி, கண்ணீர் சொரிந்து, எழுந்து போய்விடுகிறார்கள். கண்ணீர் போதாது என்பது நமது அபிப்பிராயம். அவரை வளர்த்த முறையில் கொள்ளத்தக்கது எது, தள்ளத்தக்கது எது என்று பகுத்துப் பார்க்கவேண்டும். கேட்டுப் பாடுவது, கூடிப் பாடுவது, பொருளுணர்ந்து பாடுவது, தமிழில் பாடுவது, பிறர் முன் அஞ்சாது பாடுவது ஆகிய ஐந்தும் கொள்ளத்தக்கவை. குழந்தையின் குரலை அரிசிக்கும் உப்புக்கும் விற்பது, எழுத்தறிவைப் பறிப்பது, தூக்கத்தைப் பறிப்பது, குரல் மாறும் பருவத்தில் வதைப்பது, உடைந்த குரலுடையவனை வீதியில் விடுவது ஆகியவை தள்ளத்தக்கவை.

இது பழங்கதையென்று சொல்லி ஒதுக்கவும் முடியாது. பாய்ஸ் கம்பெனிகள் மறைந்துவிட்டன. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகள் வந்துவிட்டன. ஆறு வயதுக் குழந்தை பெரியவர்களின் பாட்டைப் பெரியவர்களின் சுருதியில் பாடி, நடுவர்களின் தீர்ப்புக்காக விளக்கொளியில் நடுங்கி நிற்பதை நாடு முழுவதும் பார்த்துக் கைகொட்டுகிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் செய்யப்பட்ட திருத்தம் கலைஞர்களாகப் பணிபுரியும் குழந்தைகளுக்கு விலக்களித்திருக்கிறது. நாளொன்றுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, வருவாயில் நூற்றுக்கு இருபது பங்கேனும் குழந்தையின் பெயரில் வங்கியில் இடவேண்டும் என்று 2017இல் வகுத்த விதிகள் கூறுகின்றன. கிட்டப்பாவின் காலத்தில் இவ்வளவு பாதுகாப்புக்கூட இல்லை. ஆயினும் விதி ஏட்டில் இருந்தால் போதாது. பெற்றோரும் பொதுஜனங்களும் கண்விழித்திருந்தால்தான் அது உயிர்பெறும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது வேறொன்று. பாட்டு என்பது மேடையேறப் போகும் சில குழந்தைகளின் சொத்தாக இருக்கும்வரை, அவர்களைச் சுற்றிச் சந்தை கூடத்தான் செய்யும். அது ஒவ்வொரு குழந்தையின் சொத்தாகவும் ஆகவேண்டும். பாரதியார் சங்கீதத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், பொருளறியாது பாடும் வழக்கத்தைக் கண்டித்து, தமிழில் புதிய கீர்த்தனங்கள் வேண்டுமென்று வற்புறுத்தினார். தென்காசிக்கு அருகிலுள்ள கடையத்தில் மனைவியாரின் ஊரில் அவர் சில காலம் வசித்ததும் நினைவுகூரத்தக்கது. குழந்தைகளுக்கென்றே அவர் பாப்பாப் பாட்டு இயற்றியது வீணுக்கல்ல. பாடுவதன் மூலமே பிள்ளைகள் மனிதராவார்கள் என்று அவர் நம்பினார்.

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. சுருதிக்கு ஒரு பெட்டி, பாடத் தெரிந்த ஓர் ஆசிரியர், தினம் கால்மணி நேரம் போதும். சிறு குழந்தைகளுக்கு நாலைந்து ஸ்வரங்களுக்குள் அடங்கும் தாலாட்டும் கும்மியும் விளையாட்டுப் பாட்டும். வளர்ந்த பிள்ளைகளுக்குச் சிந்து, திருப்புகழ், தேசிய கீதம். அதற்குப் பின்னர் ராகமும் தாளமும் பெயர் சொல்லி அறிமுகமாகலாம். ஆசிரியர் தம்முடைய தாழ்ந்த குரலுக்குப் பிள்ளைகளை இழுக்காமல், அவர்களுடைய சுருதிக்குத் தாம் இணங்கிச் செல்லவேண்டும். குரல் மாறும் பையனைப் பரிகசிக்காமல், அவனுக்கு எட்டும் ஸ்தாயியில் மெதுவாகப் பாடவிடவேண்டும். சுருதி சேராத குழந்தையை வாய்மூடச் சொல்வது பெரும் பாவம். கேட்டுக் கேட்டுப் பாடினால் பெரும்பாலோருக்கு அது நாளடைவில் கைகூடும். 2009ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையில் நூறு பிள்ளைகளுக்கு மேற்பட்ட பள்ளிகளுக்குப் பகுதிநேரக் கலையாசிரியர் வேண்டுமென்கிறது. தத்தம் ஊர்ப் பள்ளியில் அத்தகைய ஆசிரியர் இருக்கிறாரா, அவர் பிள்ளைகளைப் பாடவைக்கிறாரா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் எழுந்து கேட்பது பொதுநல ஊழியர் ஒவ்வொருவருடைய கடமையாகும்.

பண்பொழியிலும் செங்கோட்டையிலும் இன்றும் பிள்ளைகள் பிறக்கின்றன. திருமலைக்குக் காவடி செல்லும்போது தகப்பன் தோளிலமர்ந்து சிந்தைத் திருப்பிப் பாடும் குழந்தைகளுக்குள் எத்தனை கிட்டப்பாக்கள் இருக்கிறார்களோ, யாரறிவார்? அவர்கள் பாடுவதற்காகப் பள்ளியை விடவேண்டிய நிலை இருக்கக் கூடாது. பள்ளிக்குச் செல்வதற்காகப் பாட்டை விடவேண்டிய நிலையும் இருக்கக் கூடாது. இருபத்தேழு வயதில் அணைந்த அந்த ஜோதிக்கு நாம் செலுத்தக்கூடிய சிராத்தம் இதுவே.